கொல்லையில் கோழி இருந்தால் எலி வருமா?

பெங்களூரில் வீட்டோடு கோழி வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிறவர்கள், கூண்டு என்ன விலை, முட்டை எத்தனை கிடைக்கும் என்பதற்கெல்லாம் முன்னால் கேட்பது ஒன்றுதான்: "எலி வருமாமே?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழியைத் தேடி எந்த எலியும் வருவதில்லை. ராத்திரியில் மிஞ்சிக் கிடக்கிற தீனியைத் தேடி வருகிறது. வந்த இடத்தில் பதுங்க ஒரு சந்தும் குடிக்கத் தண்ணீரும் இருந்துவிட்டால் குட்டி போட்டுக் குடும்பமாகத் தங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்த பிறகு கொல்லையில் ஒரு மணி தானியம்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் தாராளமாகக் கோழி வளர்க்கலாம். முடியாதவர்கள் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து கஷ்டப்படும்.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். முப்பதடிக்கு நாற்பதடி மனை, இங்கே சைட் என்பார்கள், வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்துக்குக் கொல்லை. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, துணி துவைக்கிற கல், அதைத் தாண்டிக் கோழிக்கூண்டு. கோழிகள் ஆறு. நான்கு கிரிராஜா, ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான இனம். மற்ற இரண்டும் என் மாமியார் தருமபுரியிலிருந்து கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த நாட்டுப் பெட்டைகள். இடப்பக்கம் வீடு கட்டாத காலி சைட், அதில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும், நடுவில் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் மோரி, அதாவது சாக்கடை. அது இரண்டு தெரு தள்ளி, மழைநீர் ஓடும் பெரிய கால்வாயான ராஜகாலுவேயில் போய்ச் சேரும்.

இவ்வளவு விவரம் சொல்லக் காரணம், எலியின் நிரந்தர வீடு இந்த மோரியும் காலி சைட்டும்தான். பெங்களூரில் இந்த இரண்டில் ஒன்றாவது பக்கத்தில் இல்லாத வீடு அபூர்வம். கோழி வாங்குவதற்கு முந்தின வருஷமே எங்கள் கார் வயரை எலி கடித்துப் போட்டிருந்தது. தெருவில் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

ஆனாலும் கோழி வந்த சில மாதத்தில் மேல்வீட்டில் குடியிருக்கும் பெண் படியிறங்கி வந்தாள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. கோழி வந்ததுலேர்ந்து பெருச்சாளித் தொல்லை தாங்கல. நேத்து ராத்திரி பால்கனியில துணிக் கம்பி மேலயே ஓடுது. புள்ளைங்க இருக்கிற வீடு."

"தப்பா எடுத்துக்க என்னம்மா இருக்கு? நீ பாத்ததைத்தானே சொல்றே. எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு நானே மேல வந்து சொல்றேன்."

அவள் பயம் நியாயமானது. ஆனால் கம்பி மேல் ஓடியது பெருச்சாளியாக இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. எலித் தொல்லை என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பெங்களூர் வீடுகளைச் சுற்றி முக்கியமாக மூன்று சாதி இருக்கிறது. பெருச்சாளி மண்ணைத் தோண்டும். மதில் ஓரம், படிக்கட்டு அடி, சாக்கடை ஓரம் எல்லாம் வளை போடும், வளை வாயில் தோண்டிய மண் குவிந்து கிடக்கும். ஏறுவதில் கெட்டி இல்லை. வீட்டெலி வேறு. உடம்பைவிட வால் நீளம். கேபிள் வயர், பைப்பு, மரக்கிளை எல்லாம் அதற்குப் பாதை, கூரைக்கு மேலிருந்துதான் இறங்கும். மூன்றாவது சுண்டெலி. அரை அங்குலத்துக்கும் குறைவான சந்து போதும் அதற்கு. எந்தச் சாதி வருகிறது என்று தெரியாமல் வேலை ஆரம்பித்தால் பணம்தான் வீணாகும். பெருச்சாளிக்குத் தரையில் வலை புதைக்க வேண்டும், வீட்டெலிக்குக் கிளையை வெட்ட வேண்டும்.

இடையில் மூஞ்சூற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்டு கூம்பிய மூக்கோடு கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுவது எலி இல்லை. அதன் முக்கியமான சாப்பாடு பூச்சி. கரப்பானையும் நிறையப் பிடிக்கும். வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாது. எலி என்று நினைத்து அதை அடிக்காதீர்கள்.

எங்கள் கொல்லைக்கு வருவது எது, எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க யோசனை சொன்னது மாமியார். "மாவு தூவிப் பாரும்மா, காலடி தெரியும்" என்றார். அரிசிமாவு தூவினால் எலிக்கு அதுவே விருந்தாகிவிடும், அதனால் கோலத்துக்கு வாங்கும் கல்மாவு. இருட்டின பிறகு, மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு, கூண்டைச் சுற்றி, கூண்டுக்குள்ளே, அதன் கூரை மேல், துவைக்கிற கல்லுக்கு அடியில் என்று சல்லடையில் மெல்லிசாகச் சலித்துவிட்டோம். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால் எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து, நடுவே வால் இழுத்த மெல்லிய கோடு. பெரிய காலடிகள் பின்மதிலில் மோரித் தண்ணீர் போகும் ஓட்டையில் ஆரம்பித்து, சுவரை விட்டு ஒரு சாண்கூட விலகாமல், துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்து, நேராகத் தீனி ஃபீடருக்குக் கீழே போயிருந்தன. அங்கே மாவே இல்லாத அளவுக்கு மிதிபட்டிருந்தது. சின்னக் காலடிகள் கூண்டின் தகரக் கூரை மேல் இருந்தன, கொய்யாக் கிளை தொடும் மூலையிலிருந்து. முட்டை வைக்கும் பெட்டிப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. கோழி உட்காரும் கட்டைக்குக் கீழேயும் இல்லை. எல்லா வழியும் ஃபீடரில்தான் முடிந்தது.

இரண்டாவது சாட்சி மே மாதம் கிடைத்தது. பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது கோழிகளை ராமமூர்த்திநகரில் இருக்கும் தம்பி வீட்டில் விட்டோம், தீனியையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். திரும்பி வந்த அன்று ராத்திரி, கோழிகளைக் கூட்டி வருவதற்கு முன்னால், மறுபடி மாவு தூவினேன். மதில் ஓரத்துத் தடம் அப்படியே இருந்தது, மோரியிலிருந்து காலி சைட்டுக்குப் போகும் வழக்கமான பாதை. கூண்டுப் பக்கம் மட்டும் எதுவும் திரும்பவில்லை. ஆக, கோழி வருவதற்கு முன்னாலும் எலி இந்த வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், கோழி போனாலும் போய்க்கொண்டிருக்கும். போகிற எலியை நிறுத்தி உட்கார வைத்துச் சோறு போடுகிறோமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மேல்வீட்டுப் பெண் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதி முழுக்கத் தீனியில்தான் இருந்தது.

தீனிக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். ஆறு கோழிக்கு 700 கிராம் சொச்சம். அதில் பத்தில் ஒரு பங்கு சிந்தினால் 70 கிராம். ஒரு எலிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் போதும். நாம் கண்டுகொள்ளாமல் விடும் சிந்தலில் மட்டும் மூன்று எலிக்கு மூன்று வேளையும் வயிறு நிறைகிறது. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் ஆறேழு குட்டிக்குக் குறையாது, அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பொறி வைத்துப் பிடித்து ஒன்றும் ஆகாது. தீனியை நிறுத்தாமல் எலியைப் பிடிப்பவர்கள் ஆயுசு முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைகளில் விற்கும் தொங்கும் ஃபீடர் ஒரு வாரத் தீனியைப் பிடிக்கும். பெரிய பண்ணையில், மூடின ஷெட்டில், அது வசதி. கொல்லைக்கு அது ஆகாது. கோழிக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது, இருட்டினால் கட்டையை விட்டு இறங்கவே இறங்காது. மேலும், அடையப் போவதற்கு முன்னால் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையை நிரப்பிக்கொண்டுதான் ஏறும், விடியும்வரை அதுவே செரித்துக்கொண்டிருக்கும். ராத்திரி ஃபீடரில் இருக்கும் தீனி கோழிக்குத் துளியும் பயன்படாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நான் இப்போது செய்வது இது. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்ததில், எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர் லேயர் மேஷ், அதாவது முட்டைக்கோழிக்கான மாவுத் தீனி, 120 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. ஆக ஒரு கோழிக்கு ஒரு டம்ளர். பாதியைக் காலையில் கூண்டு திறந்ததும், மீதியைச் சாயங்காலம் நாலு மணிக்கு. ஃபீடரை விளிம்புவரை நிரப்பினால் அலகால் வாரி வெளியே இறைக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஃபீடர் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்க வேண்டும். தாழ்வாக இருந்தால் காலை உள்ளே வைத்துக் கிளறிவிடும். ஃபீடருக்குக் கீழே ஒரு பழைய அகலத் தட்டு, சிந்துவது மண்ணில் கலக்காமல் இருக்க. மண்ணில் கலந்த மேஷைத் திரும்ப எடுக்கவே முடியாது, எலி மட்டும் எடுக்கும். ஐந்தரை மணி வாக்கில் கோழிகள் கூண்டுப் பக்கம் நகர ஆரம்பிக்கும். அப்போது ஃபீடர், தட்டு இரண்டையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவேன். தண்ணீர்ப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட வேண்டும். எலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், ஒழுகுகிற குழாயும் மூடி சரியாக உட்காராத சம்ப்பும் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) தீனிக்குச் சமமாக அதை இழுக்கும்.

சமையலறைக் கழிவு விஷயத்தில் கறாராக இருங்கள். கீரைத்தண்டு, முட்டைக்கோஸ் மேலிலை, முருங்கைக்கொத்து எல்லாம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கோழி கொத்திக்கொத்தித் தின்னும், எலிக்கு அதில் பெரிய நாட்டம் இல்லை. மீந்த சோறு, சப்பாத்தி, தேங்காய்ச் சக்கை, மீன் கழிவு இதெல்லாம் எலிக்கு எங்கிருந்தாலும் மணக்கும். கொடுத்தால் காலையில் தட்டில் கொடுங்கள், பத்து நிமிஷத்தில் தின்னாததை எடுத்து ஈரக்குப்பையில் போட்டுவிடுங்கள். நொய், கம்பு இறைப்பதும் பெருக்கிய வெறுந்தரையில், காலையில் மட்டும். ஊரில் மாமியார் வீட்டில் எப்போதும் அப்படித்தான். ஒரு கைப்பிடி நொய், கோழி சுத்தமாகப் பொறுக்கி முடிக்கும்வரை அங்கேயே நிற்பது. மீதமிருந்தால் மறுநாள் கைப்பிடி சின்னதாகும்.

வேலைக்குப் போகிறவர்கள், இருட்டின பிறகுதான் வீடு வந்து சேர்கிறவர்கள், மிதித்தால் மூடி திறக்கும் தீனிப்பெட்டி வைத்துக்கொள்ளலாம். கோழி பலகையில் ஏறி நின்றால் மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். வெல்டிங் கடையில் படம் காட்டினால் தகரத்தில் செய்துகொடுப்பார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடை விழுந்தால்தான் திறக்கும்படி ஸ்ப்ரிங்கோ எடைக்கல்லோ வைக்கச் சொல்லுங்கள், கொழுத்த பெருச்சாளி அசாத்திய கனம் இருக்கும். கோழிகள் பழகும்வரை மூடியைத் திறந்தபடி கட்டி வைக்க வேண்டும். இளம் பெட்டைகளின் எடைக்கு அது திறக்காது, அவற்றுக்குத் தனியாகப் போடுங்கள்.

தீனி மூட்டையைக் கோணியோடு வைப்பது எலியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம். பிளாஸ்டிக் டிரம்மையும் நம்ப முடியாது. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும், விளிம்பு கிடைத்தால் பிளாஸ்டிக் ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் பழைய அலுமினியப் பால் கேன் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். மூடி அழுத்தினால் இறுகிவிடும், ஈரமும் ஏறாது. ஈரமேறிப் பூஞ்சை பிடித்த மேஷ் கோழியின் ஈரலைக் கெடுக்கும் என்பதால் மழைக்காலத்தில் இது இரட்டைப் பலன்.

அடுத்தது கூண்டு. கடையில் கோழி வலை என்று கொடுக்கும் அறுகோணக் கண் வலை, கோழியை உள்ளே வைக்க உதவும். எலியை வெளியே வைக்க உதவாது. குட்டி எலி அந்தக் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும், பெரியது மெல்லிய கம்பியை அறுத்துவிடும். அரை அங்குலக் கட்டம் உள்ள, முலாம் பூசின வெல்டு மெஷ்தான் வேண்டும், சுண்டெலி வருகிற இடத்தில் கால் அங்குலக் கட்டம். எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் ரோலாகக் கிடைக்கும். சுவரில் இறங்கும் வலையைத் தரையில் அப்படியே முடிக்காமல், வெளிப்பக்கமாக ஓர் அடிக்கு மடித்து மண்ணுக்குக் கீழே படுக்கவைத்து மேலே கல் பரப்புங்கள். பெருச்சாளி கூண்டுச் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். தோண்டினதும் வலை தட்டும். ஓர் அடி பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. எங்கள் கூண்டைச் சுற்றி இரண்டு இடத்தில் மண்ணைப் பறித்து வலையைத் தொட்டுவிட்டுப் போன அடையாளம் இன்னும் இருக்கிறது.

கால் வைத்த கூண்டு என்றால் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி, அடியில் வெளிச்சம் தெரிகிற மாதிரி காலியாக வையுங்கள். அரை அடி உயரத்தில் வைத்து அடியில் பலகை, செங்கல், பழைய பூந்தொட்டி என்று சேர்த்துவைத்தால் எலிக்கு வாடகையில்லா வீடு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் அந்த இடைவெளி அதிகம், தகரப் பட்டை அடியுங்கள். எங்கள் துவைக்கிற கல்லின் அடிப்பக்கத்தைச் சிமெண்ட் போட்டு மூடினோம். கொய்யாக் கிளையைக் கூரையிலிருந்து நாலடி தள்ளி வெட்டினோம். பால்கனிக்குப் போன வீட்டெலி அந்தக் கிளை வழியாகக் கூரை, கூரையிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து துணிக் கம்பி என்றுதான் ஏறியிருக்கிறது. கிளை போனதும், கேபிளைச் சுவரை விட்டு நகர்த்திக் கட்டியதும், மேலே அதன் நடமாட்டம் குறைந்தது. தென்னை இருக்கிறவர்கள் ஆளுயரத்துக்கு மேல் தண்டைச் சுற்றி வழவழப்பான தகரப் பட்டை கட்டலாம். நகம் பிடிக்காது.

கொல்வதைவிட அடைப்பதில்தான் பலன் என்பதை இந்த ஊர் ஒரு பெரிய துயரத்தில் கற்றுக்கொண்டது. 1898-இல் பெங்களூரில் பிளேக் நுழைந்தது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்பியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பேட்டையை விட்டு ஜனங்கள் ஓடினார்கள், இன்றும் ஊருக்குள் பிளேக் மாரம்மா கோயில்கள் இருக்கின்றன. நெரிசல் குறைய வேண்டும் என்றுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக எழுந்தன. கண்டோன்மெண்ட் பக்கம் 1910-ஐ ஒட்டி உருவான ஃப்ரேசர் டவுனில் எலி புகாத வீடு வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே சேர்த்துக் கட்டினார்கள். அது எங்கள் லிங்கராஜபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அன்றைக்கு ஒரு பேட்டைக்கே செய்ததை இன்றைக்கு ஒரு கூண்டுக்குச் செய்யச் சோம்பல்படுவது சரியில்லை.

பொறியைப் பற்றி. தீனியை நிறுத்தி, சந்தை அடைத்த பிறகு, பழகிப்போன ஒன்றிரண்டு எலி சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் பொறி. புதிதாக எதைப் பார்த்தாலும் எலி சந்தேகப்படும். அதனால் முதல் சில நாள் பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லையோ மசால் வடைத் துண்டையோ வைத்துத் தின்னவிடுங்கள். பயம் போன பிறகு விசை ஏற்றுங்கள். சுவரை ஒட்டி வையுங்கள், எலி மீசையால் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் போகும், கொல்லை நடுவில் வைத்த பொறியை எட்டிக்கூடப் பார்க்காது. அடிக்கும் பொறி என்றால் ஒரு மரப்பெட்டிக்குள்ளோ அகலப் பைப்புக்குள்ளோ வைத்தாக வேண்டும். கோழிக் காலும் குழந்தை விரலும் அதில் படக் கூடாது.

விஷம் வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கடையில் கிடைக்கும் புரோமடயலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, உடம்புக்குள் ரத்தம் கசிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் சாகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெளியில் திரியும். தள்ளாடும் சுண்டெலியைக் கோழி விடாது, துரத்திக் கொத்தி விழுங்கிவிடும். அந்த விஷம் கோழிக்கும் போகும், அதன் முட்டைக்கும் போகும். அந்த எலியைத் தூக்கும் கூகைக்கும், கீரிக்கும், சாரைப்பாம்புக்கும் போகும். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் பழைய தென்னையில் ஒரு கூகை ஜோடி இருந்தது. ஒரு ஜோடிக் கூகை குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஒரே ராத்திரியில் பல எலிகளைத் தூக்கும். எத்தனை பொறி வைத்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது. தெருவில் ஒரு வீட்டில் விஷக்கட்டி வைத்த மழைக்காலத்தில் அந்தக் கூகை ஒன்று கம்பத்தடியில் செத்துக் கிடந்தது. எதனால் செத்தது என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. மற்றது அதன்பின் தென்னைக்கு வரவில்லை. ஒட்டும் அட்டையும் வேண்டாம். ஓணானும் புல்புல்லும்தான் அதில் முதலில் மாட்டும், மாட்டியது மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதைத் தடுக்கும்படி விலங்குகள் நல வாரியமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

நோயைப் பற்றிப் பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்திலிருந்து வருகிறது. ஈரத்தில் அந்தக் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும், காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போகும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு கூண்டைக் கழுவாதீர்கள். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள், கையுறையோடு. கடுமையான காய்ச்சலும் கெண்டைக்காலில் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், வீட்டில் எலி நடமாட்டம் உண்டு என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். முதலிலேயே தெரிந்தால் சாதாரண மருந்திலேயே குணமாகும், தள்ளிப்போட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கோழிக்கும் எலியால் கெடுதல் உண்டு. முட்டையை உருட்டிக்கொண்டு போகும், ஒரு வாரக் குஞ்சை ஓசையில்லாமல் தூக்கிவிடும். அடைந்த கோழி இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அதன் இறகையும் காலையும் கடித்துவிட்டுப் போவதும் நடக்கும். குஞ்சு பொரித்த தாயைக் கூண்டில் விட்டுவிடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வீட்டுக்குள் வைப்பது எங்கள் வழக்கம். முட்டையை மதியத்துக்குள் எடுத்துவிடுவோம். எலி நிறைந்த இடத்துக்குப் பாம்பும் வரும் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் எலியைத் தேடித்தான் வருகிறது.

மேல்வீட்டுப் பெண்ணிடம் சொன்னபடி மேலே போனேன், மாவில் பதிந்த தடத்தைப் படமெடுத்துக் காட்டினேன். ஃபீடர் ராத்திரியில் வெளியில் இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். அவளிடம் நான் கேட்டதும் ஒன்று உண்டு. பால்கனியில் புறாவுக்காக அவள் போடும் அரிசியைக் காலையில் மட்டும் போட்டு, மீதியைப் பெருக்கிவிட வேண்டும். அவளுக்கு முதலில் மனசு வரவில்லை, புறாவுக்குச் சோறு போடுவது அவள் அம்மா காலத்துப் பழக்கம். கடைசியில் ஒப்புக்கொண்டாள். அதோடு பால்கனியில் எலிப்புழுக்கை கிடைப்பது அடியோடு நின்றது. ஒரு வீடு தனியாகச் செய்து முடிக்கிற வேலை இல்லை இது. காலி சைட்டின் சொந்தக்காரர் மைசூரில் இருக்கிறார். தெருவில் நாலு வீடு சேர்ந்து போனில் பேசி, செலவைப் பகிர்ந்து, இடிபாட்டை வாரி, செடியை வெட்டிவிட்டோம். வெட்டினபோது கல் குவியலுக்கு அடியில் இருந்த வளைகளை எண்ண முடியவில்லை. எங்கள் ஃபீடரைவிட அந்தக் குவியலுக்குத்தான் இந்தத் தெருவின் எலித் தொல்லையில் பெரிய பங்கு என்று அன்றைக்குக் கோழியே வளர்க்காதவர்களும் சொன்னார்கள்.

ஜூனில் ஆரம்பித்து அக்டோபர் வரைக்கும் ராஜகாலுவே நிரம்பும்போது வளைக்குள் தண்ணீர் ஏறி எலிகள் மொத்தமாக மேலே வரும். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை கல்மாவு தூவிப் பார்த்துவிடுகிறேன், புதுத்தடம் தெரிந்தால் அன்றைக்கே சந்தைத் தேடி அடைக்கலாம். பின்மதில் ஓட்டைக்கு இரும்புச் சல்லடை மூடி போட்டாயிற்று. தெருப்பக்கத்து மோரியில் இரண்டு கல் பலகை உடைந்து கிடக்கிறது, மாற்றித் தரும்படி வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரும்வரை அதன்மேல் மிச்சமிருந்த வெல்டு மெஷ்ஷை மடித்துப் போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறோம்.